அயர்லாந்து ஆவண சைட்டுகள்: பாம்பன் ஜெராக்ஸ் கடையில இருந்து ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், நான் ஹிஸ்டரி படிச்சவன் கிடையாது. பாம்பன்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், ஸ்கேன், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு, 19 வருஷமா இதுதான் பொழப்பு. விடிஞ்சா அடைஞ்சா அடுத்தவுக காகிதம்தான் கையில, பட்டா, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், போட்டு பேப்பர், பிறப்பு சர்டிபிகேட்டு, அதனால ஒரு காகிதத்தை ஒழுங்கா ஸ்கேன் பண்ணிருக்கா, தேடுனா கைக்கு வர்ற மாதிரி அடுக்கிருக்கான்னு பாக்க எனக்கு கண்ணு பழகிருச்சு. ஆறு மாசமா ராத்திரி கடை அடைச்ச பெறகு உக்காந்து பாத்துட்டு இருக்குற சைட்டுகளப் பத்திதான் இந்த ரிவ்யூ. எல்லாம் அயர்லாந்து நாட்டுது. நம்ம கடக்கரைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீக, அதையும் சொல்றேன்.

எங்க அக்கா மக கார்க்ங்கற ஊர்ல நர்ஸா இருக்கு. ஒரு லீவு நாள்ல பக்கத்துல கோவ்னு ஒரு துறைமுகத்துக்கு போயிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டுச்சு. "மாமா, இது அப்படியே அம்மாச்சி சொல்ற தனுஷ்கோடி மாமா, ரயிலு நேரா கடல்கிட்ட வந்து நிக்குது, எறங்குனவுக சின்ன போட்டுல ஏறி பெரிய கப்பலுக்கு போயிருக்காக, அந்த ரயில் ஸ்டேஷனத்தான் இப்ப மியூசியமா வெச்சிருக்காக"ன்னு. 1848ல இருந்து 1950 வரைக்கும் அயர்லாந்தை விட்டுப் போனவுக 60 லட்சம் பேருக்கு மேல, அதுல 25 லட்சம் பேரு இந்த ஒரு துறைமுகம் வழியா போயிருக்காகளாம். விக்டோரியா ராணி 1849ல வந்துட்டுப் போனதுல அந்த ஊருக்கு குயின்ஸ்டவுன்னு பேரு வெச்சு, நாடு விடுதலைக்குப் போராடுன காலத்துல மறுபடி கோவ்னு மாத்திட்டாக. எங்க அம்மா அந்த வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ போடச் சொல்லிக் கேட்டுட்டு ஒண்ணும் பேசல. அம்மா பொறந்தது தனுஷ்கோடி. அவுக பெரியப்பா, எனக்கு பெரிய தாத்தா முறை, 1956ல போட் மெயில்ல ஏறி அக்கரைக்கு போனவரு, கொழும்புல ஒரு மளிகைக் கடையில இருந்தாரு, காயிதம் போடுவாரு, காசு அனுப்புவாரு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போச்சு, பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலே ஆளுகளோட கடலுக்குள்ள போச்சு, அதுல எங்க வீட்டு டிரங்கு பொட்டி என்ன மாத்திரம். அவரு அட்ரஸ் எழுதுன காயிதம் எல்லாம் அந்த பொட்டியிலதான் இருந்துச்சு. இவுக பாம்பனுக்கு வந்துட்டாக, அவரு காயிதம் போட்டாலும் அது போய்ச் சேர ஊரு இல்ல. அதோட அத்துப்போச்சு.

அந்த நெனப்புலதான் நான் உள்ள போனேன்.

முதல்ல நேஷனல் ஆர்க்கைவ்ஸோட சென்ஸஸ் பக்கம். 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2, இந்த ரெண்டு ராத்திரியும் அயர்லாந்துல எந்தெந்த வீட்டுல யாரு யாரு படுத்திருந்தாகளோ அத்தனை பேரோட ஃபார்மும், வீட்டுத் தலைவர் கையெழுத்தோட, ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்காக. லாகின் கிடையாது, ஓடிபி கிடையாது, காசு கிடையாது, பாம்பன்ல உக்காந்து செல்லுலயே பாக்கலாம். மாவட்டம், அப்பறம் வட்டாரம், அப்பறம் ஊரு, அப்பறம் வீட்டு நம்பர்னு ஒவ்வொண்ணா எறங்கிப் போகலாம், நம்ம நெலத்துக்கு அ பதிவேடு பாக்குற மாதிரிதான், பழகுனவுகளுக்கு அஞ்சு நிமிஷ வேலை. ஸ்கேன் கருப்பு வெள்ளை, கலர் இல்ல, ஆனா எழுத்து ஒடையாம தெளிவா இருக்கு, மை ஊறி பரவுனது கூட தெரியுது. எழுதத் தெரியாதவுக ஒரு பெருக்கல் குறி மாதிரி போட்டு, பக்கத்துல சாட்சி கையெழுத்து இருக்கும். எங்க கடையில இன்னைக்கும் இங்க் பேடு எடுத்து பெருவிரல் பிடிச்சு உருட்டுறேனே, அதேதான்.

நான் ரொம்ப நேரம் நின்னது ஒரு ஃபார்ம்ல. கெர்ரி மாவட்டத்து கடலோரத்துல ஒரு மீனவர் வீடு, பேரு ஊரு வேண்டாம், அவுக வம்சம் இருக்கும். அவருக்கு 64, அந்த அம்மாவுக்கு 60. ரெண்டு பேருக்குமே படிக்கத் தெரியாதுன்னு எழுதிருக்கு, மொழிங்கற எடத்துல ஐரிஷ்னு மட்டும் இருக்கு. கூட ஒரே ஒரு மகன், அவனும் மீனவன். அம்புட்டுதான் வீடு. ஆனா 1911 ஃபார்ம்ல கல்யாணமான பொம்பளைகளுக்குன்னு தனியா கேட்டிருக்காக, கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், உயிரோட பொறந்த பிள்ளைக எத்தனை, இப்ப உயிரோட இருக்குறது எத்தனைன்னு. அந்த அம்மாவுக்கு பொறந்தது 9, இருக்குறது 8. எட்டுப் பேரு உயிரோட இருக்காக, ஆனா அந்த ராத்திரி அந்த வீட்டுல படுத்திருந்தது ஒருத்தன். மத்த ஏழு பேரு எங்க? ரெண்டு பேரு பக்கத்து ஊர்ல கட்டிக்கொடுத்துப் போயிருக்கலாம், மிச்சம்? போனவுகளப் பத்தி அந்த ஃபார்ம்ல ஒரு எழுத்து கிடையாது, ஆனா அந்த 8ங்கற நம்பர் பூராவும் அவுகதான். கீழக்கரையில, பெரியபட்டினத்துல சபுராளி வீடுகள்ல, அதான் வெளிநாட்டுக்கு பொழைக்கப் போனவுக வீடுகள்ல, போயி எண்ணிப் பாருங்க, இதே கணக்குதான் வரும். எங்க தெருவுலயும் பாதி வீட்டுல வெளிநாடு போன பிள்ளைக போட்டோ மட்டும்தான் செவுத்துல இருக்கு.

அதே வீட்டுக்கு இன்னொரு ஃபார்ம் இருக்கு, வீட்டைப் பத்தினது. கணக்கெடுக்க வந்த போலீஸ்காரரு நிரப்புனது, அப்ப அங்க சென்ஸஸ் எடுத்தது போலீஸ்தான். அதுல வீட்டுக்கு மார்க் போட்டிருக்காக. கல்லு, செங்கல் செவுருன்னா 1, மண்ணு, மரம், மக்குற சாமான்னா 0. கூரை ஓடு, தகரம், சிலேட்டுன்னா 1, கூரை வேய்ஞ்சதுன்னா 0. அப்பறம் ரூம் எத்தனை, முன்பக்கம் ஜன்னல் எத்தனை, எல்லாத்தையும் கூட்டி வீட்டை ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கிளாஸ் பிரிக்கிறாக. நான் சும்மா பேப்பர எடுத்து அம்மாகிட்ட தனுஷ்கோடி வீட்டைப் பத்தி ஒவ்வொண்ணா கேட்டு மார்க் போட்டேன். செவுரு ஓலை, 0. கூரை தென்னங்கீத்து, 0. ரூம் ஒண்ணு, அதுக்கு 1. ஜன்னலா, வாசல்தான்டா எல்லாம்னு சொன்னாக. மொத்தம் 1, நாலாவது கிளாஸ், கடைசி. ஆனா கேக்கக் கேக்க அம்மா அந்த வீட்டுல அடுப்பு எந்த மூலையில இருந்துச்சு, வலை எங்க தொங்குச்சு, கச்சான் காத்து அடிச்சா எந்தப் பக்கம் தட்டி கட்டுவாகன்னு எல்லாம் சொன்னாக, இத்தனை வருஷத்துல எங்கிட்ட சொல்லாதது. நூறு வருஷத்துக்கு முந்தி எவனோ போட்ட அரசாங்க ஃபார்ம், அதுல இருக்குற கேள்விய எடுத்து நம்ம வீட்டு ஆளுககிட்ட கேட்டாலே இம்புட்டு வருது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த சைட்டைப் போய்ப் பாருங்கன்னு சொல்லுவேன்.

குறையும் இருக்கு, அது சைட்டோட குறை இல்ல, வரலாறோட குறை. 1911 வரைக்கும் எடுத்ததுல முழுசா கிடைக்கிறது அந்த 1901, 1911 ரெண்டும்தான். அதுக்கு முந்தின சென்ஸஸ் கிட்டத்தட்ட பூராவும் நாசம். 1821ல இருந்து 1851 வரைக்கும் உள்ளதுல பெரும்பகுதி 1922 ஜூன் 30ல உள்நாட்டுப் போர்ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டிடம் வெடிச்சப்ப எரிஞ்சிருச்சு, ரெக்கார்டு ஆபீஸ் அதுக்குள்ளதான் இருந்துச்சு. 1861, 1871 காகிதத்தை அரசாங்கமே கணக்கெடுத்த கையோட அழிச்சிருச்சு, 1881, 1891 முதல் உலகப்போர் சமயத்துல கூழாக்கிட்டாக. அதனால பெரிய பஞ்சத்துல போன ஆளுக வீட்டை இந்த சைட்டுல தேடுறது கஷ்டம். ஆனா எரிஞ்சு போச்சேன்னு அவுக விட்டுடல. அந்த ஆபீஸ்ல என்னென்ன இருந்துச்சோ அதுக்கெல்லாம் வேற வேற நாட்டுல, வேற வேற லைப்ரரில இருக்குற காப்பி, யாரோ என்னைக்கோ எடுத்த குறிப்பு எல்லாத்தையும் தேடிப் புடிச்சு, விர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரின்னு 2022 ஜூன்ல, எரிஞ்சு சரியா 100 வருஷத்துல, ஒரு சைட்டா தெறந்துட்டாக. புயல்ல போச்சுன்னு சொல்லி சொல்லியே 60 வருஷம் ஓட்டுன குடும்பத்துக்காரன் நான், இதப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. போன காகிதத்துக்கு எங்கயாச்சும் ஒரு காப்பி இருக்கும்னு நான் யோசிச்சதே கிடையாது.

பஞ்சம்னு சொன்னேன்ல, அத சுருக்கமா சொல்லிடுறேன், அது தெரியாம மத்தது புரியாது. 1845ல உருளைக்கிழங்குல ஒரு அழுகல் நோய் வந்துச்சு, ஏழைபாழைக்கு சாப்பாடே அதுதான். 1852 வரைக்கும் இழுத்துச்சு, சுமார் 10 லட்சம் பேரு செத்துட்டாக, 10 லட்சத்துக்கு மேல கப்பலேறிட்டாக. 1841ல 81 லட்சத்துக்கு மேல இருந்த ஜனம் 1851ல 65 லட்சம், 1911ல 44 லட்சத்துக்கும் கீழ, அதாவது பஞ்சம் முடிஞ்ச பெறகும் போறது நிக்கல. நம்மூருக்கும் 1876ல தாது வருஷப் பஞ்சம் வந்துச்சு, அந்தக் காலத்துல சிலோன் தோட்டக்காட்டுக்கு போனவுக எத்தனை பேரு, ஆள் புடிக்கிற கங்காணி கூட்டிட்டுப் போயி கழுத்துல தகரத்துண்டு மாட்டி அனுப்புன கதைய பெரியவுக சொல்லிக் கேட்டிருப்பீக. அவுகள நிறுத்தி நோய் இருக்கா பாத்து அனுப்புன எடம்தான் நம்ம மண்டபம் கேம்ப், சிலோன் அரசாங்கம் நடத்துனது. அதே மாதிரி கனடாவுல செயின்ட் லாரன்ஸ் ஆத்துல குரோஸ் ஈல்னு ஒரு தீவு, கப்பல்ல வந்தவுகள நிறுத்தி வெச்ச எடம், 1847 ஒரே வருஷத்துல 5,000 பேருக்கு மேல அங்க பொதைச்சிருக்காக. அங்க இன்னைக்கு பேரு செதுக்கி நினைவுச் சின்னம் இருக்கு. மண்டபம் கேம்ப்ப தாண்டி நான் வாரத்துக்கு ரெண்டு தடவ ராமநாதபுரத்துக்கு பஸ்ல போறேன், அந்த கேட்டுக்கு உள்ள போனவுகள்ல ஒருத்தர் பேரு கூட எனக்குத் தெரியாது.

அடுத்து போட்டோ. நேஷனல் லைப்ரரில லாரன்ஸ் கலெக்ஷன்னு ஒண்ணு, சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவ். டப்ளின்ல வில்லியம் லாரன்ஸ்னு ஒருத்தரு போட்டோ கடை வெச்சிருந்தாரு, அவருக்காக ராபர்ட் ஃபிரெஞ்சுங்கறவரு நாடு பூரா சுத்தி எடுத்தது. 1916 கலவரத்துல அந்தக் கடை எரிஞ்சிருச்சு, அதுல இருந்த ஆளுக போட்டோ எல்லாம் போச்சு, ஊரு காட்சி நெகட்டிவ் மட்டும் வேற எடத்துல வெச்சிருந்ததால தப்பிச்சது. கண்ணாடி நெகட்டிவ்வோட அருமை என்னன்னா ஜூம் பண்ணப் பண்ண உள்ள போயிட்டே இருக்கும், கடை போர்டுல இருக்குற எழுத்து, பசங்க வெறுங்காலு, கூடையில இருக்குற மீனு வரைக்கும் தெரியும், நம்ம செல்போன் போட்டோ எல்லாம் பக்கத்துலயே வராது. 1888ல கிளேர் மாவட்டத்துல வாண்டலர் எஸ்டேட்ல வாடகை கட்டாத குடியானவுகள வெளியேத்துன படங்கள் அதுல இருக்கு. மூணு கட்டைய முக்காலி மாதிரி நட்டு நடுவுல ஒரு பெரிய மரத்தைத் தொங்க விட்டு ஆட்டி ஆட்டி செவுத்தை இடிக்கிறாக, சுத்தி போலீஸ், உள்ள இருக்குறவுக ஜன்னல்ல முள்ளைக் கொண்டு அடைச்சு வெச்சிருக்காக. அந்த முள்ளு ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது. அதைப் பாத்துட்டு நான் அன்னைக்கு வேற எதையும் பாக்கல, மூடி வெச்சிட்டேன்.

அந்த லைப்ரரி ஃப்ளிக்கர்லயும் படம் போடுது, 2011ல இருந்து. படத்தைப் போட்டுட்டு இது எந்த வருஷம், எந்த தெருன்னு ஜனங்களயே கேக்குறாக, பாக்குறவுக கடை போர்டு, போஸ்டர், கட்டிடம் எல்லாத்தையும் வெச்சு கண்டுபுடிச்சு சொல்றாக. இந்த வேலைய நம்ம பாம்பன் பாலம், தனுஷ்கோடி பியர் பழைய படத்துக்கு யாராச்சும் பண்ணுனா எங்க தெருவுல இருக்குற கெழவங்களே பாதிய சொல்லிடுவாக, இன்னும் பத்து வருஷம் போனா சொல்ல ஆளு இருக்காது.

டூகஸ்னு இன்னொரு சைட்டு. 1937ல இருந்து 1939 வரைக்கும் சுமார் 5,000 ஸ்கூல்ல இருந்து 50,000 பிள்ளைகள வீட்டுக்கு அனுப்பி, தாத்தா பாட்டிகிட்ட கேட்டு எழுதிட்டு வரச் சொல்லிருக்காக, கைவைத்தியம், ஊர்க்கதை, பஞ்சத்துல என்ன நடந்துச்சு, எல்லாம். 7 லட்சம் பக்கத்துக்கு மேல, பிள்ளைக, வாத்தியாருக கையெழுத்துலயே இருக்கு. நல்லா இருக்கு, ஆனா கொஞ்சம் பொறுமை வேணும், கொஞ்சம் ஐரிஷ் மொழில இருக்கு. அமெரிக்கன் வேக்னு அவுக ஊரு வழக்கம் ஒண்ணு உண்டு, கப்பலேறப் போற பிள்ளைக்கு முதல் நாள் ராத்திரி, செத்த வீட்டுல விடிய விடிய முழிச்சு இருக்குற மாதிரியே சொந்தபந்தம் கூடி பாட்டும் ஆட்டமும் அழுகையுமா இருந்து காலையில வழியனுப்புவாக, ஏன்னா திரும்பி வராதுன்னு தெரியும். கல்ஃபுக்கு பயணம் அனுப்புற ராத்திரி நம்ம வீடுகள்ல யாரும் தூங்குறதில்ல, ஆனா நம்ம ரெண்டு வருஷத்துல வருவான்னு நெனச்சு அனுப்புறோம். பெரிய தாத்தாவையும் அப்படித்தான் அனுப்பிருக்காக.

ஒரு எச்சரிக்கை. இதே தகவலக் காசுக்கு விக்கிற சைட்டுகளும் இருக்கு. நான் ஒண்ணுல ஃப்ரீ ட்ரையல்னு கார்டு நம்பர குடுத்து, கேன்சல் பண்ண மறந்து பணம் போச்சு, பேரு சொல்ல விரும்பல. பண்ணிடாதீக, அரசாங்க சைட்டுலயே எல்லாம் இலவசமா இருக்கு, கத்தோலிக்க கோயில் பதிவேடு கூட 2015ல இருந்து நேஷனல் லைப்ரரி சைட்டுல சும்மாவே பாக்கலாம். இன்னொண்ணு, சைட்டுல இருக்குன்னு எல்லாத்தையும் நம்பிடவும் கூடாது. 1892 ஜனவரி 1ல நியூயார்க் எல்லிஸ் தீவு தொறந்தப்ப முதல்ல எறங்குனது இந்த கோவ் துறைமுகத்துல இருந்து ரெண்டு தம்பிகளோட போன ஆனி மூர்ங்கற பொண்ணு. ரொம்ப வருஷமா அது டெக்ஸாஸ் பக்கம் போயிருச்சுன்னு வேற ஒரு ஆனி மூரோட கதைய சொல்லிட்டு இருந்தாக, 2006லதான் காகிதத்தை வரிசையா வெச்சுப் பாத்து, நிஜமான ஆனி மூரு நியூயார்க்லயே கஷ்டப்பட்டு வாழ்ந்து 1924ல செத்து, பேரு இல்லாத குழியில கெடக்குன்னு கண்டுபுடிச்சாக, அப்பறம் கல்லு வெச்சாக.

கடைசியா, எனக்கு ரொம்ப உபயோகமானது. பாஸ்டன்ல பைலட்னு ஒரு ஐரிஷ் பத்திரிக்கை, 1831ல இருந்து 1921 வரைக்கும் காணாம போன சொந்தக்காரவுகளத் தேடி விளம்பரம் போட்டிருக்கு, அத பாஸ்டன் காலேஜ் இலவசமா தேடிப் பாக்குற மாதிரி வெச்சிருக்கு. எந்த மாவட்டம், எந்தக் கோயில் பங்கு, எந்த வருஷம் கப்பலேறுனாரு, கடைசியா எந்த ஊருல ரயில் ரோடு வேலையில இருந்தாருன்னு கேள்விப்பட்டோம், அண்ணன் தேடுறாரு, பொஞ்சாதி தேடுறாக, இந்த அட்ரஸுக்கு எழுதுங்க. நாலஞ்சு வரிதான். படிச்சிட்டே இருந்தேன், மணி ரெண்டாயிருச்சு. காணாமப் போறதுன்னா போனவுகதான் காணாமப் போவாகன்னு நெனச்சிட்டு இருந்தேன், எங்க வீட்டுக் கதையில காணாமப் போனது நாங்க. அவரு எழுதிருப்பாரு, தனுஷ்கோடின்னு போட்டு, அது திரும்பிப் போயிருக்கும், எல்லாரும் செத்துட்டாகன்னு நெனச்சிருப்பாரு.

கடையில ஒரு பழக்கத்தையும் விட்டுட்டேன். பழைய காகிதம் கொண்டு வந்தா லேமினேஷன் போட்டுக் குடுப்பேன், நல்லதுக்குன்னு நெனச்சுதான் பண்ணுனேன், அந்த சூடும் பசையும் காகிதத்தைக் கெடுத்துரும், திரும்பப் பிரிக்கவே முடியாதுன்னு இந்த சைட்டுக எல்லாம் பாத்த பெறகுதான் தெரிஞ்சுச்சு. சிலோன் பாஸ், பழைய மணியார்டர் துண்டு எல்லாம் என் கையால போட்டிருக்கேன், அத நெனச்சா வருத்தமா இருக்கு. இப்ப ஸ்கேன் மட்டும் எடுத்து, காகிதத்தை ஒரு கவர்ல போட்டுக் குடுத்துடுறேன், பழைய காகிதம்னா ஸ்கேனுக்கு காசு வாங்குறதில்ல.

போன வாரம் அந்த பாஸ்டன் விளம்பரம் மாதிரியே ஒண்ணு அம்மா சொல்லச் சொல்ல டைப் பண்ணுனேன். தனுஷ்கோடியில இருந்து 1956ல போட் மெயில்ல தலைமன்னார் வழியா போனவரு, கொழும்புல மளிகைக் கடையில இருந்தாரு, இடது புருவத்துல தழும்பு உண்டு, தம்பி குடும்பம் புயல்ல தப்பிச்சிருச்சு, இப்ப பாம்பன்ல இருக்கோம், அவரு மக்க, பேரப்பிள்ளைக யாரும் இருந்தா தெரியப்படுத்தவும். அக்கா மக அத கொழும்புல இருக்குற ஒரு நர்ஸ் பிள்ளைக்கு அனுப்பிருக்கு. ஒரு காப்பி எடுத்து கடைக் கண்ணாடியிலயும் ஒட்டிட்டேன். மறுநாள் மீன் வித்துட்டு வந்த ஒரு அக்கா கூடைய எறக்கி வெச்சிட்டு, வாசிச்சு சொல்லு தம்பின்னு கேட்டாக. வாசிச்சேன். எங்கய்யா கூடப்பொறந்தவரு ஒருத்தரு ரங்கூன் போனாரு, அவருக்கும் ஒண்ணு எழுதிக் குடுன்னு சொல்லிட்டு, வருஷத்தை யோசிச்சுட்டு வர்றேன்னு போயிருக்காக.